உடலின் களஞ்சியமும் அதன் காவலரும்

முதுமையிலும் பருமனிலும் கொழுப்புத் திசு அடையும் மாறுதல்கள்

களஞ்சியத்தில் நெல் நிறைந்திருத்தல் குடும்பத்திற்குப் பெரும் பலம். அறுவடைக் காலத்தில் சேர்த்து வைத்த தானியமே மழை பொய்த்த மாதங்களில் உயிரைக் காக்கிறது. அதுபோலவே, உண்ட உணவில் அன்றாடத் தேவைக்கு மிஞ்சிய பகுதியை உடலும் கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் அரைவயிற்றுக் கஞ்சியுடன் கழிந்த காலத்தில் இச்சேமிப்பு குடியானவனுக்குப் பெருந்துணையாக இருந்தது. ஆதலால்தான் பூரித்த உடலையும் முன்தள்ளிய வயிற்றையும் செழிப்பின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியது.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஏர் பிடித்த கை டிராக்டரை ஓட்டுகிறது. கவலை இறைத்த கிணற்றில் மின்சார மோட்டார் ஓடுகிறது. உரலும் அம்மியும் ஆட்டுக்கல்லும் மூலையில் ஒதுங்கின. சந்தைக்கு நடந்து சென்றவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்கின்றனர். இவை யாவும் வரவேற்கத்தக்க முன்னேற்றங்களே. ஆயினும் உழைப்புக் குறைந்த அளவுக்கு உணவு குறையவில்லை. எண்ணெயும் சர்க்கரையும் மிகுந்துள்ளன. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேரும், ஆண்களில் 100க்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்களாக இருந்தனர். அன்றியும், மருத்துவ வசதிகள் பெருகியதால் மக்களின் ஆயுளும் நீண்டுள்ளது. ஒவ்வோர் ஊரிலும் அறுபது வயதைக் கடந்தோர் முன்னைவிட மிகுதியாக உள்ளனர்.

பருமன், முதுமை ஆகிய இவ்விரண்டும் உடலில் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன. அவ்விடமே கொழுப்புத் திசு. அங்கே காவல் புரியும் நோய் எதிர்ப்பு அணுக்கள் நெறி தவறும்போது நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுக்கு வழி திறக்கிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், இதனைத் தடுக்கக் குடும்பமும் ஊராட்சியும் செய்யத்தக்கவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கொழுப்புத் திசு என்பது யாது?

கொழுப்பை வெறும் நெய்க்கட்டி போன்ற சடப்பொருளாக எண்ணுவோர் பலர். உண்மையில் அது உயிருள்ள திசு. கோடிக்கணக்கான கொழுப்பணுக்களும், அவற்றிடையே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பிற அணுக்களும் கலந்து அமைந்தது அது. ஒவ்வொரு கொழுப்பணுவும் ஒரு சிறு குதிர் போன்றது. உணவு உண்டபின் இரத்தத்தில் மிகும் சத்தை, கணையம் சுரக்கும் இன்சுலினின் கட்டளைக்கு இணங்கி அது உள்வாங்கிக் கொழுப்பாக அடைத்து வைக்கிறது. பட்டினியின்போதும் உழைப்பின்போதும், நரம்புகள் இடும் கட்டளைக்கு இணங்கி அக்கொழுப்பைக் கரைத்து வெளியிடுகிறது. வரவும் செலவும் இவ்வாறு ஒழுங்காக நடைபெறும்வரை களஞ்சியம் நலமாக இருக்கும்.

இக்குதிர்களின் எண்ணிக்கை விருப்பம்போல் பெருகுவதில்லை. ஸ்வீடன் நாட்டின் கரோலின்ஸ்கா கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2008இல் இதனை ஒரு நூதன முறையால் கண்டறிந்தனர். 1955 முதல் 1963 வரை வெட்டவெளியில் நடத்தப்பட்ட அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கரி மிகுந்தது. அது உணவின் வழியே மனித உடலிலும் சேர்ந்தது. கொழுப்பணுக்களில் அக்கரி எவ்வளவு உள்ளது என அளந்து அவ்வணுக்களின் வயதை அவர்கள் கணித்தனர். வயது வந்தபின் கொழுப்பணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் மாறாதிருக்கிறது என்பதும், ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு மடிந்து அதே அளவு புதிதாகத் தோன்றுகிறது என்பதும் இதனால் புலனாயின. ஆகவே, பெரியவர்களுக்குப் பருமன் மிகும்போது பெரும்பாலும் இருக்கும் குதிர்களே வீங்குகின்றன.

கொழுப்புத் திசு பிற உறுப்புகளோடு பேசவும் வல்லது. 1994இல் அமெரிக்க நாட்டின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி பிரீட்மனும் அவருடன் உழைத்தோரும், கொழுப்பணுக்களிலிருந்து சுரந்து மூளைக்குச் சென்று பசியை அடக்கும் லெப்டின் என்னும் பொருளைக் கண்டுபிடித்தனர். அதுமுதல் கொழுப்புத் திசு ஒரு சுரப்பியாகவும் மதிக்கப்படலாயிற்று.

கொழுப்பு தங்குமிடம் பொதுவாக இரண்டு. ஒன்று தோலின் அடிப்புறம். மற்றொன்று வயிற்றினுள், குடல் முதலிய உறுப்புகளைச் சூழ்ந்த இடம். தொடையிலும் இடுப்பிலும் தோலடியில் தங்கும் கொழுப்பால் விளையும் தீங்கு குறைவு. வயிற்றினுள் சேரும் கொழுப்போ எளிதில் அழற்சிக்கு இடங்கொடுப்பது. இவ்வேற்றுமையை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

காவலர்கள் யாவர்?

1882ஆம் ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில், இல்யா மெக்னிகாவ் என்னும் ரஷ்ய விஞ்ஞானி நட்சத்திர மீனின் இளம் உயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் அச்சிறு உயிரியின் உடலில் அவர் ஒரு முள்ளைச் செலுத்தினார். மறுநாள் நோக்கியபோது, அசைந்து திரியும் அணுக்கள் பல முள்ளைச் சூழ்ந்து நின்றன. பகையை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உடலில் உள்ளன என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக 1908இல் பால் எர்லிக் என்பவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மெக்னிகாவ் ஆராய்ந்த அணுக்களின் இனத்தைச் சேர்ந்தவையே பெருவிழுங்கு அணுக்கள். இவை நம் உடலெங்கும் காவல் புரிகின்றன. டி அணுக்கள், பி அணுக்கள் என்பன இவற்றின் தோழர்கள். காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிப்பதை நாம் அறிவோம். இதுவே அழற்சி எனப்படும். ஏரிக்கரை உடையும் தறுவாயில் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாகத் திரளுவது போன்றது இது. வெள்ளம் வடிந்ததும் ஊரார் வீடு திரும்புவர். முள் நீங்கியதும் அழற்சியும் அடங்கிவிடும். இவ்வகை அழற்சி உடலுக்கு நன்மை பயப்பதேயாகும்.

ஆனால், வெள்ளம் வடிந்த பின்னும் கூட்டம் கலையாமல் கரையிலேயே தங்கி, பக்கத்து வயலின் பயிரை மிதித்து, ஊர்ப் பொதுப்பணத்தில் உண்டுகொண்டிருந்தால் என்னாகும்? கொழுப்புத் திசுவில் நிகழும் நீடித்த அழற்சி இத்தகையது. அதில் காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. ஆதலால் பல ஆண்டுகள் உள்ளிருந்தும் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

மெலிந்த, ஆரோக்கியமான உடலின் கொழுப்புத் திசுவிலும் காவலர் உண்டு. அவர்கள் மடிந்த அணுக்களின் குப்பையை அகற்றி, திசுவைச் செப்பனிட்டு, அமைதியாகப் பணிபுரிகின்றனர். காவலர் வரம்பு மீறாதபடி அடக்கி வைக்கும் ஒருவகை டி அணுக்களும் அங்கே உள்ளன. இவற்றை அமைதிகாக்கும் டி அணுக்கள் என்று கூறலாம். நல்ல உடல்நிலையிலுள்ள எலிகளின் வயிற்றுக் கொழுப்பில் இவை மிகுதியாக இருப்பதையும், பருத்த எலிகளிடத்தில் இவை வெகுவாகக் குறைந்து போவதையும் அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு விஞ்ஞானிகள் 2009இல் எடுத்துக் காட்டினர்.

பருமன் மிகும்போது நிகழ்வது

நெல்லை அளவுக்கு மேல் திணித்தால் குதிர் விரிசல் காணும். சிந்திய தானியத்தைத் தேடி எலி வரும். கொழுப்பணுக்களும் அவ்வாறே. அவை மிக வீங்கும்போது உட்பகுதிக்குப் பிராணவாயு போதிய அளவு எட்டுவதில்லை. அணுக்கள் நலிகின்றன; சில மடிகின்றன. நலியும் அணுக்கள் அபாய அறிவிப்புகளை வெளியிடுகின்றன. அவ்வழைப்பை ஏற்று இரத்தத்திலிருந்து மேலும் மேலும் விழுங்கு அணுக்கள் திசுவுக்குள் நுழைகின்றன.

இவ்வுண்மை படிப்படியாகவே தெளிவுற்றது. 1993இல் ஹோட்டாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள், பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் டி.என்.எப். ஆல்பா என்னும் அழற்சிப் பொருள் மிகுதியாக உண்டாவதையும், அதனைத் தடுத்தால் இன்சுலினின் வேலை சீர்படுவதையும் கண்டனர். நீரிழிவுக்கும் அழற்சிக்கும் உறவு உண்டு என்பதற்கு அது முதற்சான்றாயிற்று. பத்தாண்டுகள் கழித்து, 2003இல், அமெரிக்காவில் இரு வேறு குழுவினர் அவ்வழற்சிப் பொருளின் பிறப்பிடத்தைக் கண்டறிந்தனர். அதனைப் பெரும்பாலும் உண்டாக்குபவை கொழுப்பணுக்களின் இடையே புகுந்த பெருவிழுங்கு அணுக்களே என்பது விளங்கிற்று. மெலிந்த உடலின் கொழுப்புத் திசுவிலுள்ள அணுக்களில் இவை 100க்கு 10க்கும் குறைவு. பருமன் மிக்க மனிதரிடத்தில் இவை ஏறத்தாழ 40 வரை உயர்கின்றன என்று அவ்விரு குழுவினருள் ஒருவர் கணக்கிட்டனர்.

2005இல் மற்றோர் உண்மை தெரியவந்தது. திரண்டு வந்த பெருவிழுங்கு அணுக்களில் மிகப் பெரும்பாலானவை, மடிந்த கொழுப்பணுக்களைச் சுற்றிக் கிரீடம்போல் வளைந்து நிற்கின்றன. மடிந்த அணுவின் கொழுப்புத்துளி பெரிதாகையால் ஒரு காவலன் தனியே அதனை விழுங்கித் தீர்க்க இயலாது. ஆகவே பலர் சூழ்ந்து நின்று நெடுநாள் போராடுகின்றனர். அப்போராட்டமே அழற்சியை நிலைபெறச் செய்கிறது. செப்பனிடும் குணமுடைய பெருவிழுங்கு அணுக்கள் பருமன் மிகும்போது பின்தள்ளப்பட்டு, தாக்கும் குணமுடையவை முன்வருகின்றன என்பது 2007இல் அறியப்பட்டது. 2009இல் எலிகளில் நடந்த ஆராய்ச்சியில், தாக்கும் வகை டி அணுக்கள் பெருவிழுங்கு அணுக்களுக்கும் முன்னதாகவே திசுவினுள் புகுந்து அவற்றை அழைக்கின்றன என்பதும் வெளிப்பட்டது.

இதனால் விளையும் தீங்கு இருவகைப்படும். முதலாவதாக, அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் கட்டளை அணுக்களுக்குள் சென்று சேராதபடி தடுக்கின்றன. இன்சுலின் இருந்தும் அதன் சொல் எடுபடுவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து, ஈடுகொடுக்க முடியாத நிலையை எய்தும்போது இரத்தத்தில் சர்க்கரை மிகுகிறது. இரண்டாவதாக, நிரம்பி வழியும் களஞ்சியத்திலிருந்து கொழுப்பு வெளியே சிந்தி, ஈரலிலும் தசைகளிலும் தங்குகிறது. அழற்சிப் பொருள்கள் இரத்தத்தின் வழியே எங்கும் பரவி, இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் கெடுக்கின்றன. இருதய நோய்க்கு இதுவும் ஒரு காரணம்.

முதுமையில் நிகழ்வது

பருமனே இல்லாவிடினும், வயது முதிர முதிர இவ்வழற்சி தானாகவே சிறிது சிறிதாகத் தலைதூக்குகிறது. இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ பிரான்செஸ்கியும் அவருடன் உழைத்தோரும் 2000இல் இதற்கு முதுமை அழற்சி என்னும் பொருள்பட ஒரு பெயர் சூட்டினர். இதற்குக் காரணங்கள் பல.

முதற்காரணம் கொழுப்பின் இடமாற்றம். முதுமையில் தோலடிக் கொழுப்பு குறைந்து, வயிற்றினுள் கொழுப்பு மிகுகிறது. தசைகள் மெலிகின்றன. எடை பார்க்கும் கருவியில் மாறுதல் தெரியாது. ஆயினும் கைகால் மெலிந்து வயிறு மட்டும் பருக்கிறது. நம் ஊர்களில் முதியோர் பலரிடம் இதனைக் கண்கூடாகக் காணலாம்.

இரண்டாவது காரணம், முதுமையுற்ற அணுக்கள் திசுக்களில் தேங்குவது. இவை பெருகுவதும் இல்லை. எளிதில் மடிவதும் இல்லை. தங்கியிருந்தபடியே அழற்சிப் பொருள்களைச் சுரந்து அண்டை அணுக்களையும் கெடுக்கின்றன.

மூன்றாவது, காவலர் படைக்குப் புதிய ஆள் சேர்வது குறைகிறது. மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பியே டி அணுக்களின் பயிற்சிக்கூடம். வயதானால் அது சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. புதிய கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் முதியோரிடம் குறைவதற்கு இது முக்கியக் காரணம். 2020இல் பரவிய கொரோனா நோயின்போது முதியோரும் பருமன் மிக்கோரும் பிறரைவிடக் கடுமையாகத் துன்புற்றதை நாம் மறந்திருக்க முடியாது.

முதுமையும் பருமனும் ஒரே வகையில் தீங்கிழைப்பதாகக் கருதிவிடக் கூடாது. அமைதிகாக்கும் டி அணுக்களையே எடுத்துக்கொள்வோம். பருமனில் அவை குறைகின்றன. அதனால் அழற்சி மிகுகிறது. முதுமையிலோ அவை கொழுப்புத் திசுவில் அளவுக்கு மிஞ்சிப் பெருகுகின்றன. 2015இல் அமெரிக்க நாட்டின் சால்க் நிலையத்தார் முதிய எலிகளின் கொழுப்பிலிருந்து அவ்வணுக்களைக் குறைத்தபோது, இன்சுலினின் வேலை சீர்பட்டது. பருத்த எலிகளில் அதே முறை பயனளிக்கவில்லை. ஒரே காவலன் ஓரிடத்தில் குறைந்தால் கேடு. மற்றோரிடத்தில் மிகுந்தால் கேடு. இளைஞருக்குக் கூறும் அறிவுரையை அப்படியே முதியோருக்கும் கூறலாகாது என்பதற்கு இஃதோர் எச்சரிக்கை.

முதுமையில் சேர்ந்த கொழுப்பு ஏன் எளிதில் கரைவதில்லை என்பதற்கும் விடை கிடைத்துள்ளது. கொழுப்பைக் கரைக்குமாறு நரம்புகள் சில இரசாயனப் பொருள்களை அனுப்புகின்றன. 2017இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஸ்வ தீப் தீட்சித் என்பாரும் அவருடன் உழைத்தோரும் முதிய எலிகளை ஆராய்ந்தனர். நரம்புகளை ஒட்டி வாழும் பெருவிழுங்கு அணுக்கள், முதுமையில் அவ்விரசாயனப் பொருள்களை இடையிலேயே சிதைத்துவிடுகின்றன என்று அவர்கள் கண்டனர். கடைமடைக்குச் செல்லவேண்டிய நீரை வழியிலேயே உடைத்து விடுவது போன்றது இது. கட்டளை போய்ச் சேராததால் களஞ்சியத்தின் கதவு திறப்பதில்லை. ஆகவே, பட்டினி கிடந்தும் வயிறு குறையவில்லையே என்று முதியவர் ஒருவர் வருந்தினால் அவரைக் குறை கூறுதல் முறையன்று.

மெலிந்த தோற்றமும் ஏமாற்றக்கூடும்

இவையெல்லாம் பெருத்த உடலினருக்கே என்று மெலிந்தோர் இருந்துவிடலாகாது. இந்திய மக்களின் உடலமைப்பில் ஒரு தனித்தன்மை உண்டு. புனே நகரை அடுத்த ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கிய தாய்மை ஊட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. அக்கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளின் எடையோ 3.5 கிலோ. நம் குழந்தைகளின் தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த உடலில் மிகுந்த கொழுப்பு என்னும் இயல்பு கருவிலேயே தொடங்குவதை இது காட்டிற்று.

இவ்வாய்வை நடத்திய டாக்டர் யாஜ்னிக்கும், ஆங்கிலேய மருத்துவர் யட்கினும் தம் உடல்களையே சான்றாக்கி 2004இல் ஒரு படத்தை வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் உடற்கொழுப்பின் அளவோ ஆங்கிலேயருக்கு 100க்கு 9.1, இந்தியருக்கு 21.2. எடை ஒன்றையே பார்த்து நிம்மதி கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் ஒன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேற்பட்டவர். பெரியவர்களில் 100க்கு ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பருமன் உள்ளது.

தீர்வுக்கு வழி உண்டு

இம்மாறுதல்களில் பெரும்பகுதி திருத்தத்தக்கவை. பருமன் மிக்கோர் அறுவைச் சிகிச்சையால் எடை குறைந்தபின், மூன்று மாதங்களிலேயே கொழுப்புத் திசுவின் பெருவிழுங்கு அணுக்கள் குறைந்திருந்ததைப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2005இல் கண்டனர். பருமனற்ற ஆரோக்கியமானவர் 218 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த சோதனையில், ஒரு பகுதியினர் இரண்டாண்டுகள் உணவைக் குறைத்து உண்டனர். அவ்வாறு குறைத்தவர்களுள் ஆராயப்பட்டோர் 100க்கு ஏறத்தாழ 14 பங்கு குறைத்திருந்தனர். தைமஸ் சுரப்பியில் கொழுப்பு குறைந்து டி அணுக்களின் உற்பத்தி மேம்பட்டதையும், கொழுப்புத் திசுவில் அழற்சியைத் தணிக்கும் மாறுதல்கள் ஏற்பட்டதையும் 2022இல் வெளியான முடிவு தெரிவித்தது. பத்துக் கவளத்தில் ஒன்றரைக் கவளம் குறைத்ததன் பயன் இது.

உடலுழைப்பின் பயன் இன்னும் தெளிவானது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 இந்தியர்களை மூன்றாண்டுகள் கண்காணித்து, சென்னை மருத்துவர்கள் 2006இல் முடிவை வெளியிட்டனர். நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டோரிடம் நீரிழிவு வரும் அபாயம் 100க்கு 28 பங்கிற்கு மேல் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எடை குறையாவிட்டாலும் நடையின் பலன் உண்டு என்பதை மனத்திற்கொள்க. அமெரிக்காவில் 2002இல் முடிவு வெளியான மற்றொரு பெரும் ஆய்வில், இத்தகைய ஒழுக்கத்தால் எல்லா வயதினருக்கும் பொதுவாக அபாயம் 58 பங்கு குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டோருக்கு அது 71 பங்கு குறைந்தது. முதுமையில் முயன்று பயன் என்ன என்று கேட்போருக்கு இதுவே விடை.

ஆயினும் காலத்தே தடுத்தலே மேல். எடை குறைந்த பின்னும் கொழுப்பணுக்கள் பழைய பருமனின் தடயத்தை மறவாமல் வைத்திருக்கின்றன என்று 2024இல் சூரிச் நகர விஞ்ஞானிகள் அறிவித்துள்ளனர்.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

1. இடுப்பளவு எடுத்தல்: இதற்குத் தையற்காரர் நாடா ஒன்றே போதும். நேராக நின்று, மூச்சை இயல்பாக வெளிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளக்க வேண்டும். இந்தியருக்கு ஆண்களானால் 90 செ.மீ., பெண்களானால் 80 செ.மீ. என்பது எல்லை. அதனை எட்டியோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

2. நடையும் தசைப்பயிற்சியும்: வாரத்திற்கு 150 நிமிடங்களுக்குக் குறையாத விரைந்த நடை அல்லது அதற்கு ஈடான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாட்கள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. வயலில் இறங்கிக் களையெடுப்பதும், மண் வெட்டுவதும், நீர் சுமப்பதும் இக்கணக்கில் சேரும். டிராக்டரில் அமர்ந்திருக்கும் நேரம் சேராது.

3. உணவு: தட்டில் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, அவ்விடத்தில் கீரை, காய், பருப்பு, பயறு வகைகளைச் சேர்க்க. கேழ்வரகு, கம்பு, சாமை முதலிய நம் நிலத்துத் தானியங்களைக் கலந்துண்க. சர்க்கரை கலந்த பானங்களையும், எண்ணெயில் பொரித்த பண்டங்களையும் விழா நாட்களுக்கு ஒதுக்குக.

4. முதியோர்: இவர்கள் பட்டினி கிடந்து மெலிதல் கூடாது. கொழுப்போடு தசையும் கரைந்துவிட்டால் எழுந்து நடக்கும் வலிமையே போய்விடும். உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் முதியோருக்குத் தேவை என்பது வல்லுநர் கருத்து. பருப்பு, பயறு, மோர், முட்டை, மீன் ஆகியன இதற்கு உதவும். சிறுநீரக நோய் உடையோர் மட்டும் வைத்தியரைக் கேட்டு நடத்தல் வேண்டும். தடுப்பூசிகளையும் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும்.

5. கருவுற்ற பெண்டிர்: புனே கிராமங்கள் உணர்த்தும் பாடம் இதுவே. தாயின் ஊட்டத்தில் குறை நேர்ந்தால் குழந்தையின் உடலமைப்பிலேயே அக்குறை பதிந்துவிடும். பெண்கள் எல்லோருக்கும் பின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் ஒழியவேண்டும்.

ஊராட்சி செய்யவேண்டியவை

ஒருவருடைய வயிற்றைக் குறைக்க ஊராட்சி தீர்மானம் நிறைவேற்ற இயலாது. ஆனால் நடக்கத் தகுந்த பாதையை ஊராட்சியால் அமைக்க இயலும். ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் முள்ளை அகற்றி, மேடுபள்ளம் நிரவி, இரு மருங்கும் மரம் வைத்து, விளக்குப் போட்டால் பெண்களும் முதியோரும் அஞ்சாமல் நடப்பர். பள்ளி விளையாட்டு மைதானத்தை ஆக்கிரமிப்பின்றிக் காத்தலும் ஊராட்சியின் கடமையே.

மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோருக்கு இல்லம் தேடி மருந்து கொணரும் திட்டம் அது. வீடு தேடி வரும் ஊழியருக்கு ஊராட்சி அங்கத்தினர் துணை நின்று, பரிசோதிக்கப்படாத வீடு ஒன்றும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளலாம். கிராம சபைக் கூட்டத்திற்கு வருவோரின் இடுப்பை அளக்கச் சுகாதார ஊழியரைக் கொண்டு ஓர் ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்கு மறைவான இடத்தில், பெண் ஊழியரே அளத்தல் வேண்டும். கூட்டத்தில் வழங்கும் சிற்றுண்டி வடையாக இல்லாமல் சுண்டலாக இருக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்து நடக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டால், தனியே நடக்கக் கூசும் பெண்களுக்கும் துணிவு பிறக்கும்.

இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். நீரிழிவு முற்றிக் கால் புண்ணாகி, கண் மங்கி, சிறுநீரகம் பழுதாகும்போது குடும்பத்திற்கு ஆகும் செலவோ நிலத்தையும் மாட்டையும் விற்கச் செய்வது. உழைக்கும் கை ஓய்ந்து, அதைக் கவனிக்க இன்னொரு கையும் ஓயும்போது ஊரின் விளைச்சலே குறைகிறது.

நல்ல விவசாயி களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு அதனை மறந்துவிடுவதில்லை. பழைய நெல்லை எடுத்துப் புழங்கி, புதியதற்கு இடம் செய்து, வெயிலில் காயவைத்து, கரையானும் எலியும் அண்டாதபடி காக்கிறான். உடலின் களஞ்சியத்திற்கும் அக்கவனமே வேண்டும். அளவோடு நிரப்பி, அன்றாடம் உழைப்பால் எடுத்துச் செலவிட்டால், அதன் காவலரும் நெறி தவறாமல் நின்று நம்மைக் காப்பர். ஊர்தோறும் ஒரு நாடாவும் ஒரு நல்ல நடைபாதையும் இருக்கட்டும். இப்பணியை இம்மாதமே தொடங்குவோமாக.